காந்தத்தைத் திருப்பிய காலை

ஸாலிஹாவின் ஆய்வுகூடத்தில் எது பிழையாகிப் போனாலும் முதலில் காற்றைத்தான் திட்டுவார்கள். வாவிக் கரையை ஒட்டி நிற்கிற அந்தப் பல்கலைக்கழகக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் எதை வைத்தாலும் ஈரம் ஏறிவிடும். புத்தம் புதிய திருகாணி மாரி முடியுமுன் துருப்பிடிக்கும். வில்லைகளின் ஓரத்தில் பூஞ்சணம் படரும். குளிரூட்டி ஓயாமல் ஓடினாலும் ஈரத்தில் பாதிதான் வெளியே போகும். மீதி சுவரில் வியர்த்து நிற்கும்.

அவள் அங்கே உண்டாக்க நினைத்த கதிருக்கோ தண்ணீரென்றால் ஆகாது. டெராஹேர்ட்ஸ் கதிர் என்று அதற்குப் பெயர். வானொலி அலையின் வேகமான தம்பி என்றும் சொல்லலாம், வெப்பக் கதிரின் சோம்பலான அண்ணன் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் கிடப்பது. துணி, கடதாசி, பிளாஸ்டிக், காய்ந்த பலகை எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். ஈரத்தில் பட்டால் அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். அப்படிப்பட்ட கதிரைப் பலமாக உண்டாக்க வேண்டுமென்று வாவிக் கரையில் போய் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஜெர்மனியில் அவளோடு படித்தவர்கள் சிரித்தார்கள். பலமாக உண்டாக்கினால் ஈரம் பாதியைத் தின்றாலும் பாதி மிஞ்சுமே என்று இவள் பதில் எழுதினாள்.

ஸாலிஹா காத்தான்குடிக்காரி. கலாநிதிப் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி, விரிவுரையாளராகச் சேர்ந்து, நௌஷாட்டைக் கலியாணம் முடித்து, உம்மாவோடு சொந்த வீட்டில் இருந்தாள். நௌஷாட் தோஹாவில் லிஃப்ட் திருத்துகிறவன். வருடத்தில் ஒரு தரம் லீவில் வருவான். மற்ற நாட்களில் போனில் இருப்பான்.

ஆய்வுகூடத்தில் அவளுக்குத் துணை உதயரூபன். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சிரேஷ்ட விரிவுரையாளர், தேற்றாத்தீவு ஊர். ஜெர்மனியில் ஒரு ஆய்வுகூடத்தை மூடுகிறார்கள், பழைய லேசர் ஒன்றைச் சும்மா தருவார்கள் என்று ஸாலிஹா சொன்னபோது, பல்கலைக்கழகத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். உதயரூபன் மட்டும்தான் கொழும்புக்குப் பஸ் ஏறினார். துறைமுகத்தில் கிடந்த பெட்டிகளை வெளியே எடுப்பதற்குள் தன் செருப்பு தேய்ந்து போனதென்று இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது காலைத் தூக்கியும் காட்டுவார்.

அந்த லேசர் விட்டு விட்டு ஒளிரும். ஒவ்வொரு துடிப்பும் இருந்த சுவடு தெரியாமல் முடிந்துவிடுகிற அளவுக்குக் குறுகியது. அதைக் கொண்டுபோய் மூன்று உலோகப் படலங்கள் பூசிய கண்ணாடியில் அடிக்க வேண்டும். நடுவில் இரும்பும் கோபாற்றும் கலந்த காந்தப் படலம். அதன் ஒரு பக்கம் தங்குதன், மறுபக்கம் பிளாற்றினம். மூன்றையும் சேர்த்தாலும் தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறாது. லேசர் அடித்ததும் காந்தப் படலத்திலுள்ள எலக்ட்ரோன் என்கிற இலத்திரன்கள் வெருண்டு இரண்டு பக்கமும் பாயும். சும்மா பாயாது, காந்தம் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசைக்கான சுழற்சியோடு பாயும். பக்கத்து உலோகங்கள் அந்தச் சுழற்சியைப் பார்த்து அவற்றை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரே கணத்தில் பக்கவாட்டில் குலுங்குகிற அந்தக் குலுக்கலில்தான் டெராஹேர்ட்ஸ் கதிர் பிறக்கும்.

பலம் வேண்டுமென்று லேசரைக் கூட்டியபோது சனி பிடித்தது. தபால் முத்திரை அளவிலான படலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கருக்கித் தள்ளினார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிகரட் சுட்டதுபோல ஒரு புள்ளி.

"ஒரே எடத்தில அடிக்கிறதாலதானே கருகுது," என்றாள் ஸாலிஹா ஒரு நாள். "தட்டப் பெரிசாக்குவம் சேர். ஒளியையும் விரிச்சி விடுவம். அடிக்கக்குள்ள தட்டு சுத்திக்கொண்டே இரிக்கட்டும். சூடான எடம் அங்கால போய் ஆறிட்டு வரும்."

உதயரூபன் அதைக் கேட்டுக்கொண்டே மேசைக்கடியிலிருந்து பழைய கணினி ஒன்றை இழுத்து, அதன் ஹார்ட் டிஸ்க் மோட்டரைக் கழற்றத் தொடங்கிவிட்டார். அதைவிட அதிராமல் சுழலும் மோட்டர் வேறு எங்கே கிடைக்கும்? ஸாலிஹா அளவு எழுதியனுப்ப, ஜெர்மனியில் அவளோடு படித்தவர்கள் புதுத் தட்டொன்றில் படலம் பூசி அனுப்பினார்கள். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிஸ் அளவு, கொஞ்சம் தடித்த கண்ணாடி, ஒரு பக்கம் மங்கிய வெள்ளிப் பூச்சு. ஒன்றுதான் அனுப்பினார்கள். அதை மோட்டரில் ஏற்றும்போது இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

தட்டு சுழன்றது, கருகவில்லை. ஆனால் கதிர் வருகிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கதிரைக் கண்ணால் காண முடியாது. தட்டுக்குப் பின்னால் ஒரு சிலிக்கன் தகடு நின்று லேசர் ஒளியை மறிக்கும். டெராஹேர்ட்ஸ் மட்டும் அதனூடாகப் போய், அதை அளக்கிற ஒரு பளிங்குப் படிகத்தில் விழும். அதே கணத்தில் லேசரிலிருந்து பிரித்தெடுத்த இன்னொரு மெல்லிய துடிப்பும் அந்தப் பளிங்குக்கு வந்து சேர வேண்டும். முந்தினாலும் ஒன்றும் தெரியாது, பிந்தினாலும் தெரியாது. ஒரு சிறிய மேடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அந்தக் கணத்தைத் தேடுவார்கள். வாரக்கணக்கில் திரையில் நேர்கோடுதான் ஓடியது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கோடு எழும்பியது.

"ஸாலிஹா! இஞ்ச வாங்க, இஞ்ச வாங்க!" உதயரூபன் உட்கார்ந்திருந்த கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றார். திரையில் ஒரு பெரிய துடிப்பு, மலைபோல ஏறி இறங்கியிருந்தது. அவள் ஓடிவந்து பார்த்தாள். மேடையைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி ஓட்டினார்கள். அதே இடத்தில் அதே மலை. அவளுக்குக் கண்கள் கலங்கிவிட்டன. அவர் அவளுக்கு முன்னால் அழக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"காந்தத்த ஒருக்காத் திருப்பிப் பாப்பமா சேர்?" என்றாள் ஸாலிஹா.

இந்தக் கதிருக்கு ஒரு குணமுண்டு. தட்டின் இரு பக்கமும் உள்ள காந்தங்களை இடம் வலம் மாற்றினால், இலத்திரன்களின் சுழற்சி மாறும், குலுங்கும் திசை மாறும், திரையில் மலை பள்ளமாகக் கவிழும். கவிழ்ந்தால் அது படலத்திலிருந்து பிறந்ததுதான்.

"நாளைக்குப் பாப்பம். இண்டைக்காவது சந்தோசப்படுவமே," என்றார் உதயரூபன். அவளும் சந்தோசப்படத்தான் விரும்பினாள். "சரி" என்றாள். அவள் கைப்பையை எடுப்பதற்குள் அவர் விஞ்ஞான பீடத்தின் பீடாதிபதிக்குப் போன் பண்ணிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து மக்ரிப் தொழுது முடிப்பதற்குள் செய்தி அவளை முந்தியிருந்தது. ஊர்ச் செய்தித் தளமொன்றில் அவளுடைய பழைய பட்டமளிப்புப் படத்தைப் போட்டு, மட்டக்களப்பு மண்ணில் மாபெரும் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டார் மஸ்கட் இனிப்போடு வந்தார்கள். உம்மாவுக்கு அது என்ன கதிரென்று விளங்கவில்லை. வந்த எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவதில் சளைக்கவுமில்லை. தோஹாவிலிருந்து நௌஷாட் எடுத்தான். அவனுக்குப் பின்னால் பத்துப் பேருடைய சத்தம் கேட்டது.

"மெய்தானா புள்ள? ரூமில உள்ள ஆக்களெல்லாம் பிரியாணி கேக்கிறானுகள்."

"மெய்தான் போல இரிக்கி," என்றாள் ஸாலிஹா.

"போல என்னத்துக்கு? நியூஸ்ல வந்திட்டே!"

மறுநாள் காலை அவள் தனியாக ஆய்வுகூடத்துக்குப் போனாள். சனிக்கிழமையென்பதால் காவலாளியைத் தவிர யாருமில்லை. லேசரைச் சூடாக விட்டு, தட்டைச் சுழற்றி, மேடையை ஓட்டினாள். மலை வந்தது. எழும்பிப் போய், காந்தச் சட்டகத்தின் திருகாணிகளைக் கழற்றி, இரண்டு காந்தங்களையும் மாற்றிப் பூட்டினாள். கைகழுவிவிட்டு வந்து மறுபடி ஓட்டினாள்.

மலை மலையாகவே நின்றது.

தான்தான் பிழையாகப் பூட்டிவிட்டேனாக்கும் என்று நினைத்துத் திசைகாட்டியை வைத்துப் பார்த்தாள். காந்தம் சரியாகத்தான் திரும்பியிருந்தது. இரண்டு காந்தங்களையும் கழற்றி மேசையின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தாள். அப்போதும் மலை வந்தது. கடைசியில், செய்யப் பயந்துகொண்டிருந்த ஒன்றைச் செய்தாள். தட்டையே கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி ஒன்றை நிறுத்தினாள். மலை கொஞ்சமும் குறையவில்லை. அவர்கள் கொண்டாடிய கதிருக்கும் அந்தத் தட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

ஸாலிஹா கதிரையில் உட்கார்ந்தாள். லேசரை நிறுத்தக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை கொழும்பிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. கிழக்கிலோ மலைநாட்டிலோ ஒரு பல்கலைக்கழகத்துக்குப் புதிய பெரிய லேசர் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிற குழு அது. நேற்று வந்த செய்தியை அவர்களும் இதற்குள் படித்திருப்பார்கள்.

போனில் சொல்லுகிற விஷயமில்லை இது என்று எண்ணி ஸ்கூட்டியை எடுத்தாள். கல்லடிப் பாலம் கடந்து, காத்தான்குடியில் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போய், ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினாள். எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் வசனம் கட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

தேற்றாத்தீவில் உதயரூபன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகக் குழாயைப் போட்டுவிட்டு வந்தார்.

"புஸ்பம், ஆர் வந்திரிக்கா எண்டு பாரன்!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"வாங்க தங்கச்சி. ஒங்கட படத்த நான் எல்லாருக்கும் அனுப்பிட்டன்," என்றபடி புஸ்பம் வந்து அவளை விறாந்தைக்குக் கூட்டிப்போய் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

ஸாலிஹா கட்டிவந்த வசனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். "காந்தத்தத் திருப்பினன் சேர். கவிழல்ல."

அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை. விளங்காத ஆளைப்போல அவளைப் பார்த்தார். "சரியாத் திருப்பினீங்களா?"

"திருப்பினன். கழட்டியும் பாத்தன். மறுகா தட்டையே எடுத்துட்டுப் பாத்தன். அப்பயும் வருது."

உதயரூபன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். தோட்டத்தில் தண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"புதன்கிழமை வாற ஆக்கள் கோட்டப் பாப்பாங்க. சுத்துற தட்டப் பாப்பாங்க. காந்தத்தத் திருப்பிக் காட்டுங்க எண்டு ஆரும் கேக்கப்போறதில்ல. அவங்க போகட்டும். லேசர் வரட்டும். பெரிய லேசர் வந்தா உண்மையான கதிர் தானா வரும். அதுக்குப் பிறகு எல்லாம் சரிதானே?"

"அவங்க கேக்காட்டி நான் திருப்புவன் சேர்."

அவர் நிமிர்ந்தார். அவள் இதுவரை அவரில் கண்டிராத ஒரு கோபம் அந்த முகத்தில் இருந்தது. "ஒங்களுக்கென்ன ஸாலிஹா. இஞ்ச சரிவராட்டி ஜெர்மனிக்குப் போயிடுவீங்க. பொய்க்காரன் எண்ட பேரோட இஞ்ச இரிக்கப்போறது நான்தானே."

தேத்தண்ணியோடு வந்த புஸ்பம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் போறத்துக்கு வரல்ல சேர்," என்று மட்டும் சொன்னாள் ஸாலிஹா. புஸ்பத்தின் கையிலிருந்து கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். குடிக்காமல் எழும்பினால் அந்த மனிசி மனம் நோகும். பிறகு "வாறன் அக்கா" என்று விடைபெற்றாள்.

அன்றிரவு நௌஷாட்டிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப இவனுகள்ட்ட நான் என்னத்தச் சொல்ற?"

"பிழையாப்போச்சி எண்டு சொல்லுங்க."

"பிரியாணி திண்டு முடிஞ்சே புள்ள," என்றான் அவன், பாவமாக. அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைக் கேட்டு அவனும் சிரித்தான். சிரித்து முடிந்ததும் அவள் அழுதாள். அவன் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அவள் நேரத்தோடு போனாள். ஆய்வுகூடம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. உதயரூபன் மேசையடியில் நின்றார். நேற்றைய சட்டையோ என்னவோ, கசங்கியிருந்தது. திருகாணிகள் ஒரு மூடியில் குவிந்து கிடந்தன.

"நானும் திருப்பிப் பாத்தன்," என்றார் அவளைப் பாராமலே. "எத்தினை தரமெண்டு எனக்கே தெரியா. இந்தத் தரம் கவிழும், இந்தத் தரம் கவிழும் எண்டு..." சொல்லவந்ததை முடிக்காமல் திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஸாலிஹாவும் பக்கத்தில் போய் நின்று பொறுக்கினாள். இரண்டு நாளும் அந்தப் பொய் எங்கிருந்து வருகிறதென்று தேடினார்கள், அகப்படவில்லை.

புதன்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவி ஒரு சிங்களப் பேராசிரியை, நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார். பீடாதிபதி மாலையோடு வாசலில் நின்று வரவேற்று ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவந்தார். தான்தான் பேசவேண்டி வருமென்று ஸாலிஹா தயாராக இருந்தாள். காந்தச் சட்டகத்தின் திருகாணிகளைக் கழற்றும் சாவியைக் கையில் வைத்திருந்தாள். வியர்வையில் அது வழுகியது.

உதயரூபன் அவளிடம் கையை நீட்டினார். அவள் புரியாமல் பார்த்தாள். "தாங்க," என்றார் மெதுவாக. சாவியை வாங்கிக்கொண்டு, குழுவிடம் ஆங்கிலத்தில் பேசினார். முதலில் மேடையை ஓட்டி மலையைக் காட்டினார். பிறகு தன் கையாலேயே காந்தங்களைக் கழற்றி மாற்றிப் பூட்டி, மறுபடி ஓட்டினார்.

"நாங்கள் அறிவித்தது இதைத்தான்," என்றார். "இது கவிழ வேண்டும். கவிழவில்லை. ஆகவே இது நாங்கள் சொன்ன கதிர் இல்லை. வெள்ளிக்கிழமை இதைப் பார்க்காமலே நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இவர் பார்த்தார்."

பீடாதிபதியின் முகம் சுண்டிப்போனது. குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவி மட்டும் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"அப்படியென்றால் இது எங்கிருந்து வருகிறது?"

"தெரியாது," என்றாள் ஸாலிஹா. "தேடிக்கொண்டிருக்கிறோம்."

"கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள்," என்றார் அவர். அவ்வளவுதான். பகல் சாப்பாடு போட்டிருந்தார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிய லேசர் மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. செய்தித் தளம் சத்தமில்லாமல் செய்தியை எடுத்துவிட்டது. ஆனாலும் ஊர் அவ்வளவு சுலபத்தில் மறக்குமா? "மெடம், மெசின் பழுதாப் போச்சாமே?" என்று கோழி வாங்கப் போன இடத்திலும் அனுதாபத்தோடு விசாரித்தார்கள். அவள் முதலில் விளக்கம் சொன்னாள், பிறகு "ஓம்" என்று சொல்லிவிட்டுக் கோழியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

சித்திரை போய் வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கே வயல்களுக்கு மேலால் சுட்டுக்கொண்டு வந்து வாவியைக் கடக்கிற காற்று. அது வீசத் தொடங்கினால் உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி விரிக்குமுன் காயும். ஆய்வுகூடத்துச் சுவர்களின் வியர்வை அடங்கியது. வருடத்தில் அந்த ஒரு காலத்தில்தான் அவர்கள் காற்றைத் திட்டுவதில்லை.

அப்படியொரு பின்னேரம் ஸாலிஹா அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளை அட்டையைக் கையில் பிடித்து, லேசர் போகிற பாதையை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போனாள். சிலிக்கன் தகட்டுக்குப் பின்னால் எதுவும் தெரியக்கூடாது. அது இருட்டாக இருக்க வேண்டிய இடம். அங்கே அட்டையின் ஓரத்தில் தேய்பிறைபோல ஒரு மங்கிய சிவப்பு விழுந்தது.

"சேர், இஞ்ச பாருங்க."

உதயரூபன் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார். பெரிய தட்டுக்காக ஒளியை விரித்திருந்தார்கள் அல்லவா? விரித்த ஒளியில் ஒரு துளி தட்டின் விளிம்புக்கும் சிலிக்கன் தகட்டின் விளிம்புக்கும் வெளியால் களவாகக் கடந்து பளிங்கில் விழுந்திருக்கிறது. அந்தக் களவு ஒளிதான் மலையாக எழும்பி அவர்களை ஏமாற்றியிருக்கிறது. சமையலறையில் இடியப்பம் மூடுகிற அலுமினியத் தாளை மடித்து விளிம்பைச் சுற்றி மறைத்தார்கள். மேடையை ஓட்டினார்கள். மலை மறைந்து போயிற்று. திரையில் பழையபடி நேர்கோடு.

"இப்ப ஒண்டுமே இல்ல," என்று உதயரூபன் கதிரையில் சாய்ந்தார்.

ஸாலிஹா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். களவு ஒளி தட்டுக்கும் தகட்டுக்கும் வெளியால் வந்தது. வெறும் காற்றில் வந்தது, ஆகவே வேகமாக வந்தது. உண்மையான கதிர் அப்படி வர முடியாதே. அது தடித்த கண்ணாடித் தட்டுக்குள்ளால் வரவேண்டும், பிறகு சிலிக்கனுக்குள்ளால் வரவேண்டும். இரண்டுக்குள்ளும் அது ஊர்ந்துதான் வரும். அப்படியானால் அது பிந்தி வரும். பிந்தி வருவதைப் பிந்தித்தான் தேட வேண்டும்.

"சேர், மலை வந்த எடத்துக்கு அங்கால நாம தேடவே இல்லையே?"

உதயரூபன் யோசித்தார். "அங்கால என்னத்துக்குத் தேடுவான்? அதுதான் கிடைச்சிட்டே எண்டு..." சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் எழும்பிவிட்டார்.

அவள் மேடையை மலை இருந்த இடத்தையும் தாண்டி நகர்த்தினாள். கோடு நேராக ஓடியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வெளியே கச்சான் ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. திரையில் கோடு ஒரு இடத்தில் சிலிர்த்தது. ஏறியது, பாய்ந்து இறங்கியது, பிறகு சின்னச் சின்னதாக நடுங்கி அடங்கியது. பழைய மலையோடு ஒப்பிட்டால் இது ஒரு வயல் வரம்புகூட இல்லை.

ஒருவரும் கத்தவில்லை. உதயரூபன் எழும்பிப் போய்க் காந்தங்களைக் கழற்றினார். ஒரு திருகாணி கைநழுவி மேசைக்கடியில் உருண்டது. அவர் அதைத் தேடாமல் வேறொன்றைப் போட்டு இறுக்கினார். ஸாலிஹா மறுபடி ஓட்டினாள்.

முதலில் ஏறிய இடத்தில் கோடு இறங்கியது. இறங்கிய இடத்தில் ஏறியது. தண்ணீரில் விழுந்த நிழலைப்போல முழுவதும் தலைகீழாகக் கிடந்தது.

உதயரூபன் போனை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "நாளைக்கும் வருதா எண்டு பாப்பம்," என்றார்.

நாளைக்கும் வந்தது. கச்சான் நின்று வாவிக் காற்று திரும்பிய நாளில் மெலிந்து வந்தது, ஆனால் வந்தது. லேசரைக் கூட்டக் கூட்டக் கூடியது. தட்டு சுழன்றுகொண்டிருந்ததால் கருகவில்லை. பழைய லேசரின் பலம் முடிகிற இடம்வரைக்கும் போனார்கள். அதற்குமேல் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. அப்போதுதான் ஸாலிஹா கொழும்புப் பேராசிரியைக்குப் போன் பண்ணினாள். பொய் எங்கிருந்து வந்ததென்பதை முதலில் சொன்னாள், உண்மை எங்கே இருந்ததென்பதைப் பிறகு சொன்னாள்.

மறுமுனையில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னுடைய முதல் கட்டுரையும் இப்படிக் களவு ஒளியால்தான் நாசமானது. ஆனால் நான் அதை அச்சில் வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்." பிறகு கேட்டார்: "மலைநாட்டில் லேசர் இருக்கிறது. அதைத் தாங்குகிற படலம் அங்கே யாரிடமும் இல்லை. உங்கள் தட்டைக் கொண்டு வருவீர்களா?"

ஆவணியில் இரண்டு பேரும் போனார்கள். தட்டுப் பெட்டியை ஸாலிஹா மடியில் வைத்திருந்தாள். மகியங்கனை வளைவுகளில் பஸ் ஆடும்போதெல்லாம் உதயரூபன் தன் கையையும் பெட்டிக்கு மேல் வைத்தார். அங்கே மலைச்சரிவில் இருந்த ஆய்வுகூடத்தில் புதிய லேசர் ஒரு தனி அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் உதயரூபன் கொஞ்சம் பெருமூச்சு விட்டார். அது வாவிக் கரைக்கு வந்திருக்கலாம் என்ற நினைப்பு அவளுக்கும் இல்லாமலில்லை.

தட்டைச் சுழலவிட்டு, அது ஒரே சீராக ஓடுகிறதென்று தெரிந்த பிறகே லேசரின் வாயை மூடியிருந்த மறைப்பைத் திறந்தார்கள். கதிர் வந்தது. பலத்தைக் கூட்டினார்கள். கருகுகிற மணம் வருகிறதா என்று உதயரூபன் மூக்கை நீட்டிக்கொண்டே நின்றார். இன்னும் கூட்டினார்கள். திரையில் துடிப்பு வளர்ந்து வளர்ந்து திரைக்குள் அடங்காமல் போயிற்று. அளக்கும் பளிங்கு தாங்காதென்று நடுவில் இன்னும் சில சிலிக்கன் தகடுகளை நிறுத்திக் கதிரைக் குறைக்க வேண்டியதாயிற்று. கதிரைக் கூட்டத்தான் இத்தனை வருடம் பாடுபட்டிருந்தாள் ஸாலிஹா. அதைக் குறைக்கச் சொல்லித் தன் வாயாலேயே கேட்டபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

திரும்பும் நாளில் அங்கிருந்த விரிவுரையாளர்கள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்கள். தட்டை இங்கேயே விட்டுப் போக முடியுமா? ஸாலிஹா உதயரூபனைப் பார்த்தாள். பிடிவாதமாக மறுப்பார் என்றுதான் நினைத்தாள்.

"இரிக்கட்டும்," என்றார் அவர் அவளிடம் தமிழில். "அங்க கொண்டுபோய் அந்தக் கிழட்டு லேசரோட என்ன செய்யிற? இஞ்ச வேல செய்யட்டும். நாங்க வந்து வந்து போவம். அடுத்தத எப்பிடிச் செய்விக்கிறதெண்டு நமக்குத் தெரியுந்தானே."

வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள். மகாஓயாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது வெயில் சாய்ந்திருந்தது. உதயரூபன் இரண்டு பிளேன்ரீயும் உளுந்து வடையும் வாங்கி வந்தார். ஸாலிஹா வடை சுற்றியிருந்த தாளை விரித்து, பேனையால் ஒரு வட்டம் கீறினாள். இந்தத் தரம் கண்ணாடி மெல்லியதாக இருந்தால் நல்லது, வெப்பம் சீக்கிரம் இறங்குகிற மாதிரி வேறு பொருளிலும் செய்து பார்க்கலாம் என்றாள். மெல்லியதென்றால் சுழலும்போது அதிருமே என்றார் அவர். அதிராது என்றாள். அதிரும் என்றார். டிரைவர் ஹோர்ன் அடித்துக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் எழும்பவில்லை.